வீட்டில் எப்போதாவது வெல்டிங் செய்பவருக்கு எந்த முறை சரி? முழுமையான வழிகாட்டி

மெஷின் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை ஆம்ப்ஸ் வேணும் சார்?" என்பதுதான். பதில் தெரியாதவர் 250, 300 என்று பெரிதாக எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். வீட்டு பிளக்கில் சொருகி முழு ஆம்ப்ஸுக்குத் திருப்பியதும் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும். ஆம்ப்ஸ் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். எந்த உலோகம், எவ்வளவு தடிமன், எந்த இடம், வருடத்துக்கு எத்தனை முறை என்ற நாலுக்கும் பதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், முறை தானாகத் தெரிந்துவிடும்.

அவசரக்காரர்களுக்கு இங்கேயே பதில்: செடி ஸ்டாண்ட், அலமாரிச் சட்டம், கேட் ரிப்பேர், பட்டறை மேசை என்று 1.6 மிமீ அல்லது அதற்கு மேல் தடிமனுள்ள இரும்பில், மாதத்துக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ வேலை செய்பவருக்குச் சின்ன இன்வெர்ட்டர் ஆர்க் மெஷினும் (கரண்ட் போனால் ஓடும் பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல, ஒரு வகை வெல்டிங் மெஷின்) ராடும் (மேல்பூச்சுள்ள, உருகும் கம்பி) போதும். மற்ற முறைகள் எல்லாம் இதற்கு விதிவிலக்குகள். அந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்கத்தான் மீதிக் கட்டுரை.

நாலு கேள்விகள்

உலோகத்திலிருந்து தொடங்குவோம். கைக்கு அதிகம் வருவது எம்எஸ் (சாதாரண இரும்பு): ஸ்கொயர் டியூப், ஆங்கிள், பட்டை, கம்பி. காந்தம் கெட்டியாக ஒட்டும், கிரைண்டரில் உரசினால் நீளமான மஞ்சள் பொறி பறக்கும். ஜிஐ பைப்பும் உள்ளுக்குள் எம்எஸ்தான், மேலே துத்தநாகப் பூச்சு. காந்தம் ஒட்டாத, அல்லது லேசாக மட்டும் இழுக்கும் பளபளப்பான உலோகம் பெரும்பாலும் எஸ்எஸ் (எவர்சில்வர்). கையில் எடுத்தால் கனமே தெரியாதது அலுமினியம். பழைய மோட்டார் பம்பின் உடல், தையல் மெஷினின் கால் போன்றவை வார்ப்பிரும்பு. உரசினால் குட்டையான சிவந்த பொறிதான் வரும். பழகும் காலத்தில் வார்ப்பிரும்பைத் தொடாதீர்கள். சாதாரண ராடால் பற்றவைத்தால் ஆறும்போதே பக்கத்தில் 'டிக்' என்று விரிசல் விடும்.

தடிமனைக் கடையில் கேஜில் சொல்வார்கள். 20 கேஜ் சுமார் 0.9 மிமீ, 18 கேஜ் 1.2, 16 கேஜ் 1.6, 14 கேஜ் 2 மிமீ. எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். சொல்லை நம்பாமல் வெட்டிய முனையில் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு வெர்னியரால் அளந்து பாருங்கள். 16 கேஜ் என்று கேட்டு வாங்கியது 1.4 மிமீ இருந்தால், ராடு வெல்டிங்கில் அந்த 0.2 மிமீ வித்தியாசம் ஓட்டையாக விழும்.

இடம் என்றால் கூரை இருக்கிறதா, காற்று வீசுமா, தரை காய்ந்திருக்குமா, பக்கத்தில் எந்த பிளக் இருக்கிறது என்பதெல்லாம். மொட்டை மாடியில் செய்யப்போகிறீர்களென்றால் சிலிண்டர் வாயுவால் வெல்டை மூடிக் காக்கும் முறைகள் எல்லாமே கஷ்டம். காற்று வாயுவைத் தள்ளிவிட்டால் வெல்டு முழுக்க ஊசித்துளை.

நாலாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: மெஷின் சும்மா கிடக்கும் மாதங்களில் என்ன ஆகும்? ராடு பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த வருடமும் எரியும். சிஓடூ மெஷினின் (கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு கம்பி தானாக வரும் மெஷின்) கம்பிச் சுருளோ கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, கம்பி ஓடும் குழாயான லைனருக்குள் சிக்கும். சிலிண்டரை வாடகைக்கு எடுத்திருந்தால் வெல்டிங் செய்யாத மாதத்துக்கும் வாடகை ஓடும். வால்வோ ரெகுலேட்டரோ சரியாக மூடாவிட்டால் வாயு தானாகக் காலியாகும். ஆர்கான் வெல்டிங்கில் கை பழக்கமே மங்கிவிடும், மூன்று மாதம் விட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதி நாள் பழைய நிலைக்கு வரவே போய்விடும். தினமும் செய்பவருக்கு இதெல்லாம் கணக்கிலேயே வராது. எப்போதாவது செய்பவருக்கு முடிவைத் தீர்மானிப்பதே இதுதான்.

பிளக் என்ன தாங்கும்?

வீடுகளில் ஏசிக்கும் ஹீட்டருக்கும் போட்டிருக்கும் 16 ஆம்ப் பவர் பிளக்தான் கைவசம் இருக்கும் பெரிய பிளக். அது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறி) வோல்ட்டேஜ் தோராயமாக 20-உடன் ஆம்ப்ஸை 0.04-ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும். 90 ஆம்ப்ஸுக்கு 23.6 வோல்ட். பெருக்கினால் 2,124 வாட். மெஷினுக்குள்ளேயே வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் சுமார் 2,500 வாட். மலிவான இன்வெர்ட்டர்களில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் உண்மையில் வேலைக்கு உதவும் பங்கு) 0.7 சுற்றித்தான் இருக்கும். ஆகவே 230 வோல்ட்டில் சுவரிலிருந்து 15.5 ஆம்ப்ஸ் இழுக்கும். பிளக் முழுதாக நிரம்பிவிட்டது. இதே கணக்கில் 130 ஆம்ப்ஸ் வெல்டிங் என்றால் சுவரிலிருந்து 24 ஆம்ப்ஸ் வேண்டும். அதற்கு எலெக்ட்ரீசியனை வைத்து 32 ஆம்ப் எம்சிபியோடு தனி லைன் இழுக்க வேண்டும்.

ஆக, 16 ஆம்ப் பிளக்கை வைத்துக்கொண்டு 250 ஆம்ப் மெஷின் வாங்கினாலும் 90, 100-க்கு மேல் நிம்மதியாகப் போக முடியாது. அது குறையே இல்லை. 2.5 மிமீ ராடுக்கு 60 முதல் 90 ஆம்ப்ஸ்தான் தேவை. வீட்டு வேலையில் பெரும்பகுதி அந்த ராடிலேயே முடிந்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் 2.5 சதுர மிமீ செம்புக் கம்பி, 10 மீட்டருக்குள். அதைவிட நீளமென்றால் 4 சதுர மிமீ. டிவிக்குப் போடும் ஸ்பைக் பாக்ஸ் கூடவே கூடாது. நல்ல வயராக இருந்தாலும் சுருட்டி வைத்தபடி ஓட்டினால் சுருளுக்குள் சூடு தேங்கி இன்சுலேஷன் இளகும். முழுக்க அவிழ்த்துவிடுங்கள்.

ராடு வெல்டிங் (ஆர்க்)

ராடின் மேல்பூச்சு எரிந்து தானே பாதுகாப்பு வாயுவை உண்டாக்குகிறது, மேலே கசடாகவும் மூடுகிறது. சிலிண்டர் வேண்டாம், லேசான காற்றுக்கு அஞ்சவேண்டாம், கொஞ்சம் துரு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். குறை என்னவென்றால் மெல்லிய தகட்டில் கை நடுங்கினால் ஓட்டை. கசடைத் தட்டி எடுக்க வேண்டும். ராடு தீரத் தீர நிறுத்தி நிறுத்தித்தான் போக முடியும். 1.6 மிமீ வரை பழகியவர் கை போகும். 1.2 மிமீ டியூபில் நன்றாகப் பழகியவரே தடுமாறுவார்.

ராடில் முதலில் வாங்க வேண்டியது 6013 என்ற வகை. சுலபமாகப் பற்றும், பிளஸ், மைனஸ் எந்த முனையில் மாட்டினாலும் எரியும், கசடு எளிதாக உரியும். அளவுகள் இப்படி:

2 மிமீ ராடு: 40 முதல் 60 ஆம்ப்ஸ். 1.6 மிமீ டியூபுக்கு.
2.5 மிமீ (கடையில் 12 நம்பர்): 60 முதல் 90. 2 முதல் 4 மிமீ வரை.
3.15 மிமீ (10 நம்பர்): 90 முதல் 130. 4 மிமீக்கு மேல். வீட்டு பிளக்கில் 90, 100 வரைதான் கிடைக்கும்.

"ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று 7018 ராடைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். உண்மைதான், உறுதியானது. ஆனால் அதன் பூச்சு ஈரத்தை உறிஞ்சினால் அதன் பெருமையே போய்விடும். 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டும். அணைந்த ராடை மறுபடி பற்றவைப்பதும் பாடு. வீட்டு வேலைக்கு அது தேவையில்லை.

6013 ராடே நமத்துப்போனால் ஆர்க் துப்பும், பூச்சு உதிரும். 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்தால் பெரும்பாலும் மீளும். சமையல் ஓவனைத் தொடாமல் இதற்கென்று ஒரு பழைய ஓவன் இருந்தால் நல்லது. பூச்சு வெடித்து உள்கம்பி துருவேறி இருந்தால் தூக்கிப்போடுங்கள்.

சிஓடூ வெல்டிங் (மிக்)

டார்ச்சின் பொத்தானை அழுத்தினால் கம்பி தானாக வரும், வாயு சுற்றிலும் மூடும். ஒரு கையால் செய்யலாம், கசடு இல்லை. 0.8 முதல் 1.5 மிமீ வரையிலான தகடு வேலை நிறைய இருந்தால், பழைய கார் பாடி, 18 கேஜ் டியூப், பெட்டி என்றால், இதுதான் சரி. அந்தத் தடிமனில் ராடோடு மல்லுக்கட்டுவது வீண்.

0.8 மிமீ கம்பி, 1.6 மிமீ தகடு என்றால் 60 முதல் 80 ஆம்ப்ஸ், 17 முதல் 18 வோல்ட். வாயு நிமிடத்துக்கு 10 லிட்டர் சுற்றி. டார்ச் முனையிலுள்ள டிப்பிலிருந்து கம்பி 8 முதல் 10 மிமீ வெளியே. செட்டிங் சரியென்றால் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல ஒரே சீரான சடசடப்பு கேட்கும். 'டப் டப்' என்று விட்டுவிட்டுக் கேட்டு டார்ச் கையைத் தள்ளினால் கம்பி வேகம் அதிகம். கம்பி நுனி பெரிய உருண்டையாகித் தொங்கினால் வோல்ட்டேஜ் அதிகம், அல்லது கம்பி வேகம் குறைவு.

சிஓடூ சிலிண்டரில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உள்ளே திரவமாக இருப்பதால் அழுத்தம் காட்டும் மீட்டர் கடைசிவரை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், திரவம் தீர்ந்ததும் சட்டென விழும். மீதி எவ்வளவு என்று அறிய எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு கிலோவுக்கு சுமார் 540 லிட்டர் வாயு, அதாவது 10 லிட்டர் வேகத்தில் ஏறக்குறைய 54 நிமிட ஆர்க். மேலே போடும் வீட்டு ஃபேனை நிறுத்துங்கள். புழுக்கத்தில் ஃபேனைப் போட்டுவிட்டு "கேஸ் சரியில்லை" என்று சிலிண்டரை மாற்றியவர்கள் உண்டு.

இந்த முறையில் மறைந்திருக்கும் பெரிய ஆபத்து, வெல்டு அழகாகத் தெரிவதுதான். 4, 5 மிமீ பட்டையில் குறைந்த ஆம்ப்ஸில் ஓட்டினால் கம்பி உருகி மேலே வரிசையாகப் படிந்திருக்கும், அடியில் இரும்போடு கலந்தே இருக்காது. சுத்தியலால் ஒரு அடி அடித்தால் பட்டையாகப் பெயர்ந்து வரும். ராடு வெல்டிங் கெட்டால் பார்த்தாலே தெரியும், இது காட்டிக்கொடுக்காது.

சிலிண்டர் இல்லாத மிக்

கம்பிக்குள்ளேயே பூச்சு மருந்து அடைத்திருக்கும். சின்ன மெஷின், ஒரு கிலோ சுருள், சிலிண்டர் வேண்டாம் என்று விளம்பரங்களில் இன்று அதிகம் கண்ணில் படுவது இதுதான். காற்றிலும் செய்யலாம். நல்ல நடுவழி என்று தோன்றும். ஆனால் பொறி நிறையத் தெறிக்கும், புகை அதிகம், கசடும் உண்டு, கம்பி விலையும் சாதாரணக் கம்பியைவிடக் கூடுதல். 1.2 மிமீக்குக் கீழே ஓட்டை விழும்.

வாங்கியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: முனையை மாற்ற மறப்பது. வாயுவோடு ஓடும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பிளஸ்ஸில் இருக்க வேண்டும், இந்தக் கம்பிக்கு டார்ச் மைனஸில். மாற்றாவிட்டால் தெறிப்பு அள்ளி வீசும், வெல்டு மேடாக நிற்கும். இரண்டாவது, உள்ளே கம்பியைத் தள்ளும் ரோலர். மருந்து அடைத்த மெல்லிய குழாய் போன்ற இந்தக் கம்பிக்குச் சொரசொரப்பான பள்ளமுள்ள ரோலர் வேண்டும். வழவழப்பானதைப் போட்டு நன்றாக நெருக்கினால் கம்பி நசுங்கி டிப்பில் அடைக்கும்.

ஆர்கான் வெல்டிங் (டிக்)

எஸ்எஸ் கைப்பிடி, சமையலறை மேடைச் சாமான், மெல்லிய அழகு வேலை. இதற்கு இணை கிடையாது. ஒரு கையில் டார்ச், மறு கையில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பி, காலில் பெடல். பழக நாள் பிடிக்கும், விட்டால் மறக்கும் என்று முன்பே சொன்னோம். உலோகம் கண்ணாடிபோல் சுத்தமாக இருக்க வேண்டும். துருவையோ எண்ணெயையோ துளிகூடப் பொறுக்காது.

இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின்கள் பலவற்றில் 'லிஃப்ட் டிக்' (டார்ச் முனையைத் தொட்டு எடுத்து ஆர்க் பற்றவைக்கும் வசதி) இருக்கும். வால்வு வைத்த டார்ச், ஆர்கான் சிலிண்டர், ரெகுலேட்டர் சேர்த்தால் எஸ்எஸ் செய்யலாம். டார்ச் மைனஸில். 1.6 மிமீ எஸ்எஸ் தகட்டுக்கு 60 ஆம்ப்ஸிலிருந்து தொடங்குங்கள் (மிமீக்கு 40 ஆம்ப்ஸ் என்பது நினைவில் வைக்க எளிய கணக்கு), ஆர்கான் நிமிடத்துக்கு 7 லிட்டர், 304 வகை எஸ்எஸ்ஸுக்கு 308எல் வகை ஃபில்லர். டார்ச்சில் மாட்டும் உருகாத ஊசியான டங்ஸ்டன் வாங்கும்போது சிவப்பு முனை வேண்டாம். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது, கூர் தீட்டும் தூசி நுரையீரலுக்குப் போகும். தங்க நிறமோ நீலமோ கேட்டு வாங்குங்கள். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர் 150 பார் நிரம்பியிருந்தால் 1,500 லிட்டர், ஏறக்குறைய மூன்றரை மணி நேரம்.

அலுமினியத்தை இந்த மெஷினில் செய்ய முடியாது. அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும், உள்ளே இருக்கும் உலோகமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். படலத்தை உடைக்க ஏசி கரண்ட் தரும் டிக் மெஷின் வேண்டும், அதன் விலை வேறு கதை. வருடத்தில் இரண்டு அலுமினிய வேலைக்காக அதை வாங்குவது பட்டறைக்காரர் சிரிக்கும் செலவு.

2 மிமீக்கு மேலான எஸ்எஸ் ஒன்றிரண்டு இடம்தான் என்றால் ஆர்கானே வேண்டாம். 308எல் ராடு 2.5 மிமீ வாங்கி ஆர்க்கிலேயே செய்யலாம். எஸ்எஸ்ஸையும் எம்எஸ்ஸையும் சேர்க்க 309எல். ஒரு எச்சரிக்கை: எஸ்எஸ் ராடின் கசடு ஆறும்போது தானாகவே வெடித்துப் பறக்கும், ஹெல்மெட்டைத் தூக்கினாலும் உள்ளே போட்ட பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

கேஸ் வெல்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜன், அசிட்டிலீன் இரண்டு சிலிண்டர்களையும் குடியிருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. அசிட்டிலீன் 1 பார் அழுத்தத்தைத் தாண்டினால் தானே வெடிக்கக்கூடியது, ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்க் கை பட்டால் தீ. பொழுதுபோக்குக்கு இது இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண்ணை விடுங்கள். மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். அதில் டியூட்டி சைக்கிள் போட்டிருக்கும். '60%' என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த ஆம்ப்ஸில் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். இது 40 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இன்னும் குறையும். 100 ஆம்ப்ஸில் 60% தந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். தகடே இல்லாத மெஷினை வாங்காதீர்கள்.

கூடவே வரும் கேபிளும் ஹோல்டரும் பெரும்பாலும் ஒப்புக்குக் கொடுப்பவை. 16 சதுர மிமீ செம்புக் கேபிள் மூன்று மீட்டர், கெட்டியான எர்த் கிளாம்ப் (மறு கேபிளின் முனையில், இரும்பைக் கவ்வும் பிடிப்பான்) தனியாக வாங்கிவிடுங்கள். எர்த் கிளாம்ப் பெயின்ட்டின் மேல் கவ்வினால் ராடு ஒட்டும், கிளாம்ப் சுடும், பழி மெஷின் மேல் விழும்.

தானாக இருளும் ஹெல்மெட்டில் இருள் அளவை 9 முதல் 13 வரை மாற்றக்கூடியது வாங்குங்கள். 100 ஆம்ப்ஸ் வரை 10-ல் வையுங்கள், அதற்கு மேல் 11. ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் சென்சாரை வெயில் பக்கம் திருப்பி இருளுகிறதா என்று பாருங்கள். கையில் பிடிக்கும் கருப்புக் கண்ணாடி மலிவுதான், ஆனால் ஒரு கையை எடுத்துக்கொள்ளும், புதியவர் ராடைத் தட்டும் நேரம் பார்த்து விலகும்.

மீதி: மணிக்கட்டைத் தாண்டும் தோல் கையுறை, சிப்பிங் சுத்தியல், வயர் பிரஷ், நாலு சி-கிளாம்ப், மூலைமட்டம், நாலு இஞ்ச் கிரைண்டர் (கார்டைக் கழற்றாமல்). காந்த மூலை பிடிப்பான் வசதிதான். ஆனால் வெல்டிங் இடத்துக்கு ஒட்டி வைத்தால் ஆர்க் பக்கவாட்டில் இழுக்கும். டேக் (இடத்தில் பிடித்து வைக்கும் சின்னப் பொட்டு வெல்டு) வைத்ததும் எடுத்துவிடுங்கள். கிரைண்டர் பொறி மெஷினின் பக்கம் பறக்கவிடாதீர்கள். மெஷினின் ஃபேன் அந்த இரும்புத் தூளை உறிஞ்சி போர்டில் படியவைக்கும், ஒருநாள் ஷார்ட் ஆகும்.

ஆர்க் அடிக்கும் முன்

கண்: ஆர்க்கைப் பார்த்துவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. ஐந்தாறு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரியும். வழக்கமாக ஒன்றிரண்டு நாளில் ஆறும். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு எதையும் விடாதீர்கள். கிருமி சேரும். கண் மருத்துவரிடம் போங்கள். பக்கத்து மாடியிலிருந்து பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான், ஒரு தகரமோ தார்ப்பாயோ மறைப்பாக வையுங்கள்.

புகை: ஜிஐ பைப்பை அப்படியே பற்றவைத்தால் பூச்சிலுள்ள துத்தநாகம் கொதித்து வெள்ளைப் புகையாகும். சாயங்காலம் குளிரோடு காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், பால் நுரையீரலுக்குப் போவதில்லை. ஜாயின்ட்டின் இருபுறமும் ஒரு இஞ்சுக்கு மேல் பூச்சை மாஸ்க் போட்டுக்கொண்டு தேய்த்தெடுங்கள். பைப்பின் உள்ளேயும் பூச்சு உண்டு என்பதால், திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் அடித்தால் விஷவாயு உண்டாகும்.

உடை: பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட், தோல் ஷூ. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். லுங்கியும் ஹவாய் செருப்பும் வேண்டாம்.

ஷாக்: மெஷினின் வெளியீட்டில் ராடு எரியாத நேரத்தில் 60 முதல் 80 வோல்ட் நிற்கும். காய்ந்த கைக்குப் பெரிதில்லை. வியர்த்த உடம்புக்கும் நனைந்த கையுறைக்கும் அது ஆபத்து. இரண்டாவது ஜோடிக் கையுறை வைத்துக்கொண்டு மாற்றுங்கள், காய்ந்த பலகை மேல் நில்லுங்கள். வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் பாதுகாப்பு சுவிட்ச்) இந்தப் பக்கத்து ஷாக்குக்கு விழாது.

மூடிய டியூப், பீப்பாய், பெட்ரோல் டேங்க்: உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரியும், எரிபொருள் ஆவி இருந்தால் வெடிக்கும். மூடிய டியூபுக்கு முதலில் 3 மிமீ துளை போடுங்கள். டேங்க்கை, கழுவியதாக இருந்தாலும், தொடாதீர்கள். வண்டியில் எதைப் பற்றவைத்தாலும் முன்னதாக பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

முதல் வாரக்கடைசி: படிப்படியாக

பழைய இரும்புக் கடையில் 5 அல்லது 6 மிமீ பட்டைத் துண்டுகள் இரண்டு மூன்று கிலோவும், 2.5 மிமீ 6013 ஒரு பாக்கெட்டும் வாங்குங்கள். டியூபில் நேரடியாகத் தொடங்குவதுதான் பலர் வெறுத்து மெஷினை மூலையில் போடக் காரணம்.

1. பட்டையை வெள்ளையாகத் தேயுங்கள். எர்த்தை அந்த வெள்ளை இடத்தில் கவ்வுங்கள். 80 ஆம்ப்ஸ். ராடு பிளஸ்ஸில்.

2. தீக்குச்சி உரசுவதுபோல இழுத்துப் பற்றவைத்து, பற்றியதும் நுனியை 2 மிமீ உயரத்தில் நிறுத்துங்கள். ஒட்டிக்கொண்டால் ஆட்டி முறியுங்கள். வரவில்லையென்றால் ஹோல்டரை விடுவித்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஒட்டினால் 5 ஆம்ப்ஸ் ஏற்றுங்கள்.

3. போகும் திசையில் ராடைச் சற்றே (15 டிகிரி) சாய்த்து இழுத்துக்கொண்டு போங்கள். ஒளியைப் பார்க்காதீர்கள். அதன் பின்னால் உருகி நிற்கும் குட்டையைப் பாருங்கள். பளபளவென்று தண்ணீர்போல் இருப்பது இரும்பு, அதன் பின்னால் மங்கலாக மிதந்து வருவது கசடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அன்றுதான் வெல்டிங் கைக்கு வருகிறது. கசடு முன்னால் ஓடிவந்தால் அதன்மேல் இரும்பு படிந்து உள்ளே ஓட்டை நிற்கும். ராடை இன்னும் சாய்த்து, கொஞ்சம் வேகமாகப் போங்கள்.

4. ராடு எரிய எரியக் குட்டையாகும், கை இறங்கிக்கொண்டே வர வேண்டும். புதியவர் கை இறங்காது. ஆர்க் நீண்டு, சத்தம் ஊதலாகி, தெறிப்பு கூடும்.

5. இருபது வரி போட்டதும் இரண்டு பட்டைகளைத் தலைகீழ் 'டி' போல நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். ஆறியதும் வைஸில் கவ்வி, வெல்டு போட்ட பக்கமாகவே சாயும்படி சுத்தியலால் மடக்குங்கள். வெல்டு பாதியில் கிழிந்து சாம்பல் நிறச் சொரசொரப்பு தெரிந்தால் பிடித்திருக்கிறது. மூலையில் தேய்த்த கோடு அப்படியே பளபளப்பாகத் தெரிந்தால் ஒட்டவே இல்லை. 10 ஆம்ப்ஸ் ஏற்றிச் செய்யுங்கள்.

6. அதன் பிறகே 25×25 மிமீ, 16 கேஜ் டியூபில் சட்டம். 2 மிமீ ராடு, 50 ஆம்ப்ஸ், ராடு மைனஸில். இப்படி மாட்டினால் தகட்டில் சூடு ஆழமாக இறங்காது, ஓட்டை குறையும். சந்து அரை மிமீக்குள் இருக்க வேண்டும். 2 மிமீ சந்து விட்டுவிட்டு அதை வெல்டிங்கால் அடைக்கப் பார்ப்பது தோற்கும் வேலை. மறுபடி வெட்டுவதே சீக்கிரம் முடியும்.

7. நாலு மூலையிலும் டேக் மட்டும் வைத்து, மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் முனையில் தட்டிச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு மூலையில் ஒரு வரி, எதிர் மூலையில் ஒரு வரி என்று மாறி மாறிப் போடுங்கள். ஒரே மூலையைச் சுற்றி முடித்தால் இரும்பு ஆறும்போது அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும், சட்டம் தரையில் மூன்று காலில் நிற்கும்.

8. செங்குத்தான ஜாயின்ட்டுகளில், மெல்லிய டியூபுக்கு மட்டும், மேலிருந்து கீழே வேகமாக இறக்குங்கள். கசடு முந்தாதபடி ராடு நுனி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். 4 மிமீ, 5 மிமீ ஆங்கிளில் இதைச் செய்யாதீர்கள், ஆழம் பிடிக்காது.

ஓட்டை விழுந்துவிட்டால் பதறி அங்கேயே நிற்காதீர்கள், பெரிதாகும். ஆறவிடுங்கள். ஓட்டையின் ஓரத்தில் ஒரு பொட்டு, ஆறியதும் பக்கத்தில் இன்னொரு பொட்டு என்று சுருக்கி வாருங்கள். டியூபுக்கு அடியில் தடித்த செம்புத் துண்டு ஒன்றைப் பிடித்தால் அது சூட்டை இழுத்துக்கொள்ளும், வெல்டு அதில் ஒட்டாது. வெல்டின் ஓரம் நெடுக வாய்க்கால்போல் அரித்திருந்தால் ஆம்ப்ஸ் அதிகம் அல்லது ஆர்க் நீளம் அதிகம். ஊசித்துளை இருந்தால் பெயின்ட், எண்ணெய், ஈரம் மூன்றில் ஒன்று.

எதைச் செய்யாமல் விடுவது

ஊஞ்சல் கொக்கி, மாடிப் படிக் கைப்பிடி, பைக் சேசிஸ், ஏணி, எடை தூக்கும் கொக்கி: ஆள் உயிர் தொங்கும் எதையும் முதல் வருடத்தில் நீங்கள் பற்றவைக்க வேண்டாம். அதற்காக வேலை முழுவதையும் பட்டறைக்குத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். வெட்டுவது, முனை தேய்ப்பது, மூலைமட்டம் பார்த்து டேக் வைப்பது வரை வீட்டில் முடித்துவிட்டு, வெல்டுக்கு மட்டும் கொண்டுபோங்கள். எஸ்எஸ், அலுமினிய வேலைக்கும் இதே வழி. அலுமினியமென்றால் டேக்குக்குப் பதில் கிளாம்ப் அல்லது போல்ட் போட்டுப் பிடித்துக்கொண்டு போகலாம். எஸ்எஸ்ஸில் 308எல் தவிர வேறு ராடால் டேக் வைக்காதீர்கள், எம்எஸ் வெட்டிய டிஸ்க்கால் அதைத் தேய்க்கவும் செய்யாதீர்கள். இரண்டுமே பிறகு அந்த இடத்தில் துருக்கோடு விடும். கூலி பேசும்போது ஜாயின்ட் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள், 'ஒரு ஸ்டாண்ட்' என்று பொதுவாகச் சொன்னால் பொருத்தும் வேலைக்கும் சேர்த்துத்தான் விலை வரும்.